கம்பி அறுந்த நாளிலும் செக்ரோல்

தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கணினிக்கு முதல் வேலை செக்ரோல் என்ற வேலைநாள்-சம்பளப் பதிவேடுதான். பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) போட்ட பேரும் மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நிறுத்த கொழுந்தும் அதில் ஏறும். ஊழியர் சேமலாப நிதிக்குரிய 8 சதவீதமும் முற்பணமும் கழியும். மறுமாதம் 10ஆம் திகதி அது சம்பளமாகும். இதற்கு ஒவ்வொரு மேசையிலும் தனித்தியங்கும் டெஸ்க்டொப் வேண்டுமா, தொலைவில் ஒரு சர்வரில் ஓடும் நிரலின் திரையை மட்டும் காட்டும் டெர்மினல் போதுமா? விலைப்பட்டியலைப் பார்த்தே முடிவு சொல்லிவிடலாம் என்று தோன்றும். பதுளை மாவட்டத்தின் பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு அந்தக் கணக்கு போதாது. இணைப்புக் கம்பி அறுந்தால் யாருடைய வேலை நிற்கும் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும்.

டெர்மினலின் பக்கம் நியாயம் நிறையவே உண்டு. 1992இல் தோட்ட நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளின் கைக்கு வந்தபின், ஒரு கம்பனியின் கீழ் பல தோட்டங்கள், ஒரே மாதிரியான கணக்கு என்றாகிவிட்டது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் மட்டும் 1,350 ரூபாவானது. தனிக் கணினிகள் என்றால் இப்படியான ஒவ்வொரு மாற்றத்தையும் தோட்டம் தோட்டமாகப் போய்த் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டால் அங்கே பழைய கணக்கில் சம்பளம் விழும். சர்வர் என்றால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். டெர்மினலில் வன்தட்டு இல்லை. பென் டிரைவில் வரும் வைரஸ் தங்கவும், கணினி பழுதானால் ஒரு வருடக் கணக்கு தொலையவும் வழி குறைவு. மின்சாரமும் குறைவாகவே செலவாகும். 2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10இற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றபோது, விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளை வைத்திருந்த அலுவலகங்களுக்கு மாற்றுச் செலவு வந்து நின்றது. டெர்மினலில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. ஆனாலும் முற்றாகத் தப்பவும் முடியாது. 1999இல் சன் நிறுவனம் கொண்டுவந்த சன் ரே டெர்மினல்கள், அந்த நிறுவனத்தை ஒரக்கிள் வாங்கிய சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. ஒரு கம்பனியின் பெட்டியை நம்பினால் அந்தக் கம்பனியின் மனமாற்றத்தையும் சேர்த்தே நம்ப வேண்டும்.

இந்த நியாயங்கள் எல்லாம் இணைப்பு இருக்கும்வரைதான். பதுளை நகரில் ஒரு வங்கிக்கோ வைத்தியசாலைக்கோ சர்வரை அதே கட்டடத்தில் வைத்துக்கொள்ளலாம். அங்கே டெர்மினலே சரியான தெரிவு. தோட்ட ஆபீஸுக்கும் சர்வர் இருக்கும் கொழும்புத் தலைமையகத்துக்கும் இடையிலோ மலையும் மண்சரிவும் இருக்கின்றன. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றது. 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தின் பாதைகளையும் தொடர்பையும் குலைத்துப்போட்டது. அப்படியான நாளில் டெர்மினல் வெறும் கண்ணாடி. பற்றரியோடு இருக்கும் டெஸ்க்டொப்பில் கிளாக்கர் பேர் பதியலாம். இணைப்பு அறாமல் மெதுவானாலும் தொல்லைதான்: ஒவ்வொரு விசைத்தட்டலும் கொழும்பு போய்த் திரும்ப வேண்டும். சம்பளச் சீட்டு அடிக்கும் பழைய புள்ளி அச்சுப்பொறியைத் தொலைதூர சர்வரோடு இணங்கவைப்பதும் லேசான காரியமில்லை.

2025இல் ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் இலங்கைக்கு வந்துவிட்டதே, இனிக் கம்பி எதற்கு என்று கேட்கலாம். செய்மதித் தட்டுக்கும் மின்சாரம் வேண்டும். கொழும்பில் சர்வர் நின்றால் எல்லாத் தோட்டங்களும் ஒன்றாக நிற்பதையும் அது மாற்றாது. தனிக் கணினியில் கிளாக்கர் கணக்கைத் திருத்தி மறைக்கலாமே என்பது இதைவிட வலுவான மறுப்பு. மறுப்பதற்கில்லை. ஆனால் பதிந்ததை அழிக்கவிடாமல் திருத்தத்தைத் தனி வரியாக வைப்பதும், இணைப்புக் கிடைக்கும்போதெல்லாம் பிரதி மேலே போவதும் நிரலால் ஆகிற காரியங்கள்; அதற்காகக் கணினியையே பறிக்க வேண்டியதில்லை. ஆகவே சம்பள விதியும் மேற்பார்வையும் நடுவில் இருக்கட்டும்; பேர் பதிவதும் நிறை ஏற்றுவதும் சீட்டு அடிப்பதும் தோட்டத்துக் கணினியிலேயே நடக்கட்டும். இதில் இரட்டை வேலையும் கொஞ்சம் கூடுதல் செலவும் உண்டு. டெர்மினலால் மிச்சமாகும் காசு கம்பனிக்குப் போகிறது. 10ஆம் திகதிச் சம்பளம் தவறினால் வருகிற கடன் தொழிலாளரின் லயத்துக்குப் போகிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தபின் தெரிவு செய்வதே முறை.