அட்டவணையும் மரமும்: உரைநூல்களை வினவும் நெறி பற்றி

திருநெல்வேலிச் சந்தையில் வியாபாரி ஒருவரின் கணக்கேட்டைக் கண்டோர்க்குத் தொடர்புசார் தரவுத்தளம் யாதென விளக்குதல் எளிது. பொருள், நிறை, விலை, தொகை என நிரல்கள் நான்கு. கத்தரிக்காய்க்கு ஒரு நிரை, முருங்கைக்காய்க்கு ஒரு நிரை. எந்த நிரையை முன் எழுதினும் கணக்குப் பிழையாது. இத்தகைய அட்டவணைக்கு 1970இல் எட்கர் கொட் என்பார் கணித நெறியொன்று வகுத்தார். அதன்மேல் எழுந்த எஸ்.கியூ.எல். என்னும் வினவல் மொழியே இன்றும் வங்கிக் கணக்குகளைத் தாங்கி நிற்பது. அதனைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. தமிழ் உரைநூல் ஒன்றை அதனுள் இட்டால் யாது நேர்கின்றது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணவர் சிலர் தொல்காப்பியப் பதிப்புகளைக் கணினியிற் பதிய முற்பட்டனர். நூல், உரையாசிரியர், பதிப்பாசிரியர், ஆண்டு என நிரல்கள் அமைத்தனர். முதல் நாளிலேயே இடர்ப்பட்டனர். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1885இல் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார்கள். அப்பதிப்பின் பிற்பகுதி இயல்களில் உள்ள உரை பேராசிரியருடையதெனப் பின்வந்த அறிஞர் ஆராய்ந்து காட்டினர். (செல்லரித்த ஏடுகளிலிருந்து ஒருவர் தனித்து நின்று மீட்ட நூலில் இது நேர்ந்தமை வியப்பன்று.) அங்ஙனமாயின் ‘உரையாசிரியர்’ என்னும் கட்டத்தில் எவர் பெயரை இடுவது? மாணவர் இருவர் பெயரையும் காற்புள்ளியிட்டு எழுதினர். எவ்வியல் எவருடையது என்னும் செய்தி அக்காற்புள்ளியில் மறைந்துபோயிற்று.

அட்டவணைகளைப் பெருக்கி இக்குறையைத் தீர்க்கலாம் என்பார் உளர், தீர்க்கலாந்தான். எனினும் உரைநூல் தன் அமைப்பைத் தன்னுள்ளேயே கொண்டது. அதிகாரத்துள் இயல், இயலுள் நூற்பா, நூற்பாவின் கீழ்க் கருத்தும் பொழிப்பும் எடுத்துக்காட்டும் என அது கிளைத்துச் செல்லும். ஒரு நூற்பாவுக்கு எடுத்துக்காட்டுப் பல. மற்றொன்றுக்கு ஒன்றேனும் இல்லை. முறைவைப்போ மிக இன்றியமையாதது. ஓரியலை மற்றோரியலின் பின் வைத்ததற்கு உரையாசிரியர்கள் காரணம் கூறுவர். சந்தைக் கணக்கில் இவற்றுள் ஒன்றும் இல்லை. இத்தகைய தரவையே கணினியறிஞர் பகுதிக் கட்டமைப்புத் தரவு என்பர். அரைகுறைத் தரவென இதனைப் பொருள்கொள்ளற்க. ஒவ்வோர் உறுப்பும் தன் பெயரைத் தானே சுமந்து வருவது என்பதே கருத்து.

1998இல் வெளியான எக்ஸ்.எம்.எல். இதற்கு இசைந்த வடிவம். குறிகளின் பெயர்களைத் தமிழிலேயே இடலாம் என்பது எம்மனோர்க்கு உவகை தருவது. 1999இல் எக்ஸ்பாத் என்னும் பாதைமொழியும், 2007இல் எக்ஸ்கியூவரி என்னும் முழு வினவல் மொழியும் நிலைபெற்றன. எஸ்.கியூ.எல். மொழியை ஆக்கிய இருவருள் ஒருவரான டொனால்ட் சம்பர்லினே எக்ஸ்கியூவரியின் ஆக்கத்திலும் பங்குகொண்டார் என்பது கருதத்தக்கது. மாணவர் எழுதிய வினவல் இது:

//இயல்[உரை/@ஆசிரியர்="பேராசிரியர்"]/நூற்பா

சாய்கோடு ‘உட்செல்க’ என்னும் ஏவல். பகர அடைப்பினுள் நிற்பது நிபந்தனை. பேராசிரியர் உரையுள்ள இயல்களின் நூற்பாக்கள் யாவும் நூலின் முறைப்படியே வந்து நின்றன. காற்புள்ளியில் மறைந்த செய்தி மீண்டது.

இம்மட்டோடு நிற்பின் இது வெறும் புகழுரையாய் முடியும். மரத்திலே ஒரு கிளைக்கு ஒரு தாய்க்கிளையே உண்டு. ஓர் உறுப்பு மற்றொன்றினுள் அடங்கவேண்டும், அன்றேல் முற்றும் விலகவேண்டும். பாதி உள்ளும் பாதி புறம்புமாய் நிற்றல் எக்ஸ்.எம்.எல். விதிக்கு ஒவ்வாது. தமிழ்ச் செய்யுளோ அங்ஙனம் நிற்பதற்கு வகையுளி என்று பெயரே இட்டு வைத்திருக்கின்றது. ‘யாழ்ப்பாணத்தான் பாடும்’ என்பதை வெண்பாவில் அமைப்போமாயின், நாலசைச்சீர் அங்கு வாராமையின், ‘யாழ்ப்பாணத் தான்பாடும்’ எனச் சீர் பிரியும். இரண்டாஞ் சீர் ஒரு சொல்லின் வாலையும் மற்றொரு சொல் முழுவதையும் கொண்டது. சொல்லை உறுப்பாக்கினால் சீர் உடைகின்றது. சீரை உறுப்பாக்கினால் சொல் உடைகின்றது.

நூற்பாவின் நிலையும் இதுவே. தொல்காப்பிய நூற்பாக்கள் இளம்பூரணர் கொண்டபடி 1595, நச்சினார்க்கினியர் கொண்டபடி 1611 எனக் கணக்கிடுவர். ஒருவர் ஒன்றாகக் கொண்டதை மற்றவர் இரண்டாக்குவர். இருவர் பிரிப்பையும் ஒரே மரம் எப்போதும் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. கணினியில் இடுபவர் எவருடைய பிரிப்பைக் கிளையாக்குகின்றாரோ அவர் கொண்டதே மூலமாகிவிடும். மற்றவர் கருத்து அடிக்குறிப்பாய்த் தேயும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் நம்மவர் நூல்கள் பெரும்பாலும் பக்கப் படங்களாகவே உள்ளன. அவை எழுத்துருப் பெறுங்காலத்து இத்தெரிவு ஒவ்வொரு நூலிலும் நிகழும். செய்பவர் தாம் தெரிவு செய்ததை அறியாமலே செய்துவிடவுங் கூடும்.

1987இல் தோன்றிய டி.ஈ.ஐ. என்னும் நூற்குறியீட்டு முயற்சி இவ்விடரை நன்கறியும். அது காட்டும் வழிகளுள் ஒன்று, சீர் முடியுமிடத்தில் ஒரு புள்ளிக்குறி மட்டும் இடுதல். விதி மீறப்படாது, ஆயின் சீர் உறுப்பாக நில்லாமையின் ‘இச்சீரினுள் யாது உளது’ எனப் பாதைமொழியால் எளிதில் வினவல் இயலாது. பிறிதொரு வழி, மூலத்தைத் தொடாது எழுத்துகளுக்கு எண்ணிட்டு, பிரிப்புகளைப் புறத்தே எழுதி வைத்தல். மேற்காட்டிய தொடரில் எழுத்துகள் 11. சொற்கள்: 1 முதல் 8, 9 முதல் 11. சீர்கள்: 1 முதல் 6, 7 முதல் 11. ஒன்றையொன்று வெட்டுவன எவை என்பதைத் தொடக்க, முடிவு எண்களை ஒப்பிட்டே கண்டுகொள்ளலாம். இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் இம்முறையில் ஒருவரையொருவர் தள்ளாது அமர்வர்.

மாணவர் அப்புறக்குறிப்பைத் தாளில் எழுதிக் கொணர்ந்தனர். வகை, பிரித்தவர், தொடக்கம், முடிவு என நிரல்கள் நான்கு. எந்த நிரையை முன் எழுதினும் பிழையில்லை. சந்தைக் கணக்கேடே திரும்பி வந்திருந்தது. மூவருடைய உரையும் கிடைக்கும் செய்யுளியலை எடுத்துக்கொண்டு, உரையை மரமாகவும் பிரிப்பை அட்டவணையாகவும் வைத்து இவ்வாண்டு பதியத் தொடங்கியுள்ளனர்.