நோட்டுப் புத்தகம் யாருடையது?

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல் சொல்லச் சொல்ல, மாணவரான உ. வே. சாமிநாதையர் ஏட்டில் எழுதுவார். அங்கே உரிமைத் தகராறுக்கு இடமில்லை, பாட்டு ஆசிரியருடையது. வகுப்பு நோட்டின் சங்கதி வேறு.

மொழியியல் அறிஞர் சொசூர் ஜினீவா சர்வகலாசாலையில் 1907 முதல் 1911 வரை மூன்று தடவை பாடம் நடத்தினார். அதை நூலாக எழுதாமலே 1913-ல் காலமானார். மாணவர்களின் குறிப்புகளிலிருந்துதான் 1916-ல் புத்தகம் பிறந்தது. தொகுத்த இருவரும் அந்த வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள் அல்லர்! மகத்தான நூல்தான், ஆனால் வரிக்கு வரி சொசூரின் வாக்கு என்று அதைப் படிப்பது சரியாகாது.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் கோர்வைச் சேலை நெய்யத் தறியில் இரண்டு பேர் வேண்டும். உடல் ஒரு நாடாவில், கரை வேறு நாடாவில் ஓடிக் கோத்துக்கொள்ளும். நோட்டும் அப்படித்தான். சொன்னவர் ஆசிரியர், எதைக் குறிப்பது, எதை விடுவது என்று தீர்மானித்தவன் மாணவன்.

ஆகவே உபாத்தியாயர்களுக்கு ஒரு வார்த்தை: நோட்டில் பிழை திருத்துங்கள், ஓரத்தில் அவன் தனக்கென்று கிறுக்கிய சந்தேகத்துக்கு மார்க் போடாதீர்கள். பிறர் பார்ப்பார்கள் என்று தெரிந்தால் அவன் சந்தேகத்தையே எழுதமாட்டான். பிறகு மிஞ்சுவது பாடப் புத்தகத்தின் நகல். அதைக் கடையிலேயே வாங்கிவிடலாம்.