அரியதும் நல்லதும்: கேட்கப்படாத சில இசைத்தட்டுகள் பற்றி

இசை பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளுட் பெரும்பாலானவை இரு வகைப்படும். கருநாடக இசை வல்லாரைப் போற்றுவன ஒரு வகை. திரைப்படப் பாடல்களை நினைவுகூர்வன மற்றொரு வகை. இவ்விரண்டுக்கும் அப்பால், இசைத்தட்டிலும் கசற்றிலும் பதிவாகி, வானொலியிலும் பத்திரிகையிலும் உரிய இடம் பெறாது, ஆர்வலர் சிலரிடையே மட்டும் கைமாறி வந்த இசையும் உண்டு. அதனை மதிப்பிடும் முயற்சி தமிழில் அருகியே காணப்படுகின்றது.

முன்னர் இத்தகைய தட்டுகளைப் பெறுவதே பெரும்பாடு. இன்று கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருக்கும் ஒரு மாணவர் கைத்தொலைபேசியிலேயே அவற்றுட் பலவற்றைக் கேட்டுவிடலாம். தட்டுப்பாடு நீங்கியதும் வேறொரு பிரச்சினை எழுந்துள்ளது. எதைக் கேட்பது, ஏன் கேட்பது என்பதே அது. பலர் அறியாத ஒன்றைத் தாம் அறிந்திருப்பதில் ஆர்வலர் கொள்ளும் பெருமிதம் இக்கேள்விக்கு விடையாகாது. அரியதெல்லாம் நல்லதன்று. கேட்டு முடித்தபின் கேட்பவருடைய செவி சற்றேனும் மாறியிருக்க வேண்டும். தம் வாசலில் ஒலிக்கும் ஒலியையும் அவர் புதிதாகக் கேட்க வேண்டும். இதனையே அளவுகோலாகக் கொண்டு, பல்வேறு வகைகளைச் சேர்ந்த சில தொகுப்புகளை ஈண்டு நோக்கலாம்.

முதலில், அருமையினால் மட்டும் புகழ்பெற்ற ஒரு தட்டை எடுத்துக்கொள்வோம். பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாத்தியக் கலைஞராக இருந்த சரண்ஜித் சிங், பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்துக்கு அமைத்து 1982இல் ஒரு தொகுப்பைப் பதிவு செய்தார். அப்போது புதிதாகச் சந்தைக்கு வந்திருந்த மின்னிசைப் பொறிகள் அதிற் பயன்பட்டன. அக்காலத்தில் அத்தட்டு கவனிப்பாரற்றுப் போயிற்று. 2010இல் அது மறுபதிப்பாக வந்தபோது, 1980களின் பிற்பகுதியிற் சிக்காகோவில் எழுந்த ‘அசிட் ஹவுஸ்’ நடன இசைக்கு அது முன்னோடி என மேனாட்டு ஆர்வலர் கொண்டாடினர். அவ்வொற்றுமை வியப்புக்குரியதே. எனினும், பின்னர் வந்த ஒன்றை ஒத்திருத்தல் மாத்திரம் ஓர் இசைக்குத் தகுதியைத் தந்துவிடாது. இராகத்தின் கமகங்கள் பொறியின் சீரான துடிப்புக்குள் அடங்கும்போது சில இடங்களிற் புதியதோர் இறுக்கம் பிறக்கின்றது. வேறு சில இடங்களில் இராகம் வெறும் சுர வரிசையாகச் சுருங்கிவிடுகின்றது. ஒருமுறை கேட்கத்தக்க தட்டு என்பதே அதற்குரிய நடுநிலையான மதிப்பீடாகும்.

இதற்கு மாறான நிலையில் இருப்பது அலிஸ் கோல்ற்றேனின் ‘துரியா சிங்ஸ்’. அமெரிக்க ஜாஸ் இசையில் யாழ், பியானோ ஆகியவற்றால் அறியப்பட்ட இவ்வம்மையார், பிற்காலத்தில் இந்திய ஆன்மிக நெறியைத் தழுவிக் கலிபோர்னியாவில் ஆச்சிரமம் ஒன்றை நடத்தினார். 1982இல், தம்மைச் சார்ந்த அடியார்களுக்கென வெளியிட்ட கசற் ஒன்றில் முதன்முறையாகத் தாமே பாடினார். கடைகளுக்கென ஆக்கப்படாத அந்த நாடா நீண்ட காலம் படியெடுத்தே பரவிற்று. அதில் ஓர்கன் இசையுடன் தந்தி வாத்தியங்களும் மின்னிசையும் சேர்க்கப்பட்டிருந்தன. 2021இல், குரலும் ஓர்கனும் மட்டுமே அமைந்த மூலப்பதிவு வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர் ஓர் உண்மையை உணர்வார். சேர்க்கப்பட்ட அலங்காரம் குரலை உயர்த்தவில்லை. அதனைத் தொலைவிற் கொண்டுபோய் நிறுத்தியது. தயக்கத்துடன் தாழ்ந்து ஒலிக்கும் அக்குரலின் அண்மை, அலங்காரம் நீங்கிய பின்னரே முழுமையாகப் புலப்படுகின்றது.

இலங்கைத் தமிழ் வாசகர் தம்மோடு தொடர்புடையதாகக் கொள்ளத்தக்க தட்டு எல். சங்கரின் ‘ஹூஸ் ரு நோ’. இவருடைய தந்தையார் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் அக்குடும்பம் இந்தியா திரும்பியது. மகன் பின்னர் மேலைநாடு சென்று, இரண்டு கழுத்தும் பத்துத் தந்திகளும் கொண்ட வயலின் ஒன்றை வடிவமைத்தார். 1981இல் வெளிவந்த இத்தட்டில் உமையாள்புரம் சிவராமன் மிருதங்கமும் சாகிர் உசேன் தபலாவும் வாசிக்கின்றனர். தந்தையார் தாளம் போடுகின்றார். தட்டில் உள்ளவை நீண்ட இரண்டு உருப்படிகளே. புதிய கருவியின் ஆழ்ந்த ஒலி சில வேளைகளில் வேறொரு நாட்டு இசையோ என ஐயுற வைத்தாலும், இராகம் தானம் பல்லவியின் கட்டுக்கோப்பு எங்கும் குலையவில்லை. மரபை விட்டு வெளியேறாமலேயே மரபைப் புதிய இடத்துக்குக் கொண்டுசெல்லலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

மேற்கூறிய மூன்றும் தேர்ந்த கலைஞர்களின் ஆக்கங்கள். மக்களிசையை அடியாகக் கொண்ட தொகுப்புகளுக்கு வரும்போது அளவுகோலின் இன்றியமையாமை மேலும் தெளிவாகின்றது. சகாராப் பாலைவனத்துத் துவாரெக் மக்களிடையே தோன்றிய ‘தினாரிவென்’ குழுவை முதலிற் குறிப்பிடலாம். 1979 அளவில் அல்ஜீரியாவின் தமன்ராசெற் நகரில் ஒன்றுகூடிய அகதி இளைஞர்களால் அது உருவாயிற்று. அதன் முதல்வர் இப்ராகிம் அக் அல்ஹபீப், சிறுவயதில் தகரப் பேணி, தடி, துவிச்சக்கர வண்டியின் தடைக்கம்பி ஆகியவற்றைக் கொண்டு தம் முதற் கிற்றாரைச் செய்தவர். வெற்று நாடாவைக் கொண்டுவருவோருக்குப் பணம் பெறாமலே பாடல்களைப் பதிந்து கொடுப்பது அக்காலத்தில் இக்குழுவின் வழக்கமாக இருந்தது. அந்நாடாக்கள் படிக்குமேற் படியாகப் பாலைவனமெங்கும் பரவின. 2001இல் வெளிவந்த ‘றேடியோ ரிஸ்டாஸ் செசன்ஸ்’ என்னும் தொகுப்பில், மாலியின் கிடால் நகரில் உள்ள வானொலி நிலையமொன்றிற் பதியப்பட்ட அவர்களது பாடல்களைக் கேட்கலாம். ஒருவர் ஓரடி பாட, ஏனையோர் கூடி மறுமொழி தரும் அமைப்பும், கைதட்டலின் நடையும், கிற்றார் ஒரே சுரத்தைச் சுற்றிச் சுற்றி வருவதும் அதன் சிறப்புகள். பொல்லடியில் அண்ணாவியார் பாட்டெடுத்துக் கொடுக்க, சுற்றி வருவோர் கோல் தட்டித் திருப்பிப் பாடுவதைக் கண்டு வளர்ந்த ஒருவருக்கு இவ்வமைப்பு அந்நியமாகத் தோன்றாது.

இவ்வகையில் மிக உயர்ந்த இடத்தை ஹம்சா அல்தீனின் ‘எஸ்கலேய்’ என்னும் தொகுப்புக்கு அளிக்கலாம். அவர் நூபியர், மின் பொறியியல் பயின்றவர். அஸ்வான் உயர் அணையால் நூபியக் கிராமங்கள் நீரில் மூழ்கவிருந்த காலத்தில், ஊரூராகச் சென்று மக்களுக்கு அதனை எடுத்துரைத்ததோடு, அவர்களது பாடல்களையும் திரட்டினார். 1971இல் வெளிவந்த இத்தொகுப்பின் தலைப்புக்கு நீர் இறைக்கும் சக்கரம் என்பது பொருள். ஊது வாத்தியத்தின் தந்திகளிற் சக்கரத்தின் மெதுவான சுழற்சி எழுகின்றது. குரல் அதன்மீது வந்தும் போயும் ஒலிக்கின்றது. தலைப்புருப்படி இருபது நிமிடங்களுக்கு மேல் நீள்வது. தொடக்கத்திற் சலிப்பூட்டுவது போன்ற அச்சுழற்சியே, சிறிது நேரம் சென்றதும், காளை பூட்டிய சக்கரத்தின் அருகே அமர்ந்திருக்கும் சிறுவனின் மனநிலைக்குள் கேட்பவரை இட்டுச் செல்கின்றது. மூழ்கிய ஊரைப் பற்றிய புலம்பல் எதுவும் இதில் வெளிப்படையாக இல்லை. ஊரின் வேலையொலி ஒன்று மட்டும் காக்கப்பட்டிருக்கின்றது. இழப்பின் அளவை உணர்த்த அதுவே போதுமாகின்றது.

நீரால் ஊர் அழிதல் அம்பாறைக் கரைக்கும் அந்நியமானதன்று. 2004 டிசம்பர் 26ஆந் திகதிக் கடற்கோளில் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோர வளவுகள் அழிந்தன. அவ்வனர்த்தத்தை அடுத்து, சென்னையைச் சேர்ந்த ‘ஏர்த்சிங்க்’ நிறுவனம் இந்தியா, இலங்கை, மாலைதீவு, மியன்மார், தாய்லாந்து, இந்தோனேசியா ஆகிய ஆறு நாடுகளின் கரையோர மக்களிசையைப் பதிந்து ‘லயா புரொஜெக்ட்’ என்னும் படமாகவும் தொகுப்பாகவும் வெளியிட்டது. நாகூர் தர்காவில் பாடும் மூவரின் குரல்களும் அதில் இடம்பெற்றன. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேறுவதையும், அங்கு பக்கீர்மார் றபான் தட்டிப் பைத் பாடுவதையும் அறிந்தோருக்கு அக்குரல்கள் உறவினர் குரல்களாகவே கேட்கும்.

இம்முயற்சி பாராட்டுக்குரியது. பாதிக்கப்பட்டோரை அழுபவராக மட்டும் காட்டாது பாடுபவராகவும் காட்டியமை அதன் பெருஞ்சிறப்பு. ஆயினும் ஒரு குறையைச் சொல்லாதிருக்க முடியாது. ஊரிற் பதிந்த குரல்களின் மீது பின்னர் கலையகத்திற் பல ஒலி அடுக்குகள் ஏற்றப்பட்டுள்ளன. உலகச் செவிக்கு இதமாக்கும் அந்நோக்கத்தில், குரலைச் சூழ்ந்திருந்த வெளியும் மௌனமும் நிரப்பப்பட்டுவிட்டன. ‘துரியா சிங்ஸ்’ தொகுப்பின் இரு வடிவங்களும் உணர்த்தும் பாடம் இங்கும் பொருந்துவதாகும்.

கரையோர முஸ்லிம் ஊர்களில் இசை பற்றிய பேச்சு எழும்போது, மார்க்கம் அதனை அனுமதிக்கின்றதா என்ற வினாவும் கூடவே எழும். அறிஞர் பல்வேறு கருத்துடைய இவ்வினாவுக்குத் தீர்ப்பளித்தல் இலக்கிய விமர்சனத்தின் பணியன்று. அவ்வினாவைத் தம் வாழ்விலேயே எதிர்கொண்ட ஒருவரின் தொகுப்பைச் சுட்டுவது பொருத்தமாகும். கற் ஸ்ரீவன்ஸ் என்ற பெயரில் உலகப் புகழ்பெற்றிருந்த பாடகர் 1977இல் இஸ்லாத்தைத் தழுவி, பின்னர் யூசுப் இஸ்லாமாகிக் கிற்றாரைக் கைவிட்டார். 1995இல் அவர் வெளியிட்ட ‘த லைப் ஒவ் த லாஸ்ற் புறொபெற்’, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பெரும்பாலும் பேச்சாகவே கூறுவது. பாடத் தெரிந்த ஒருவர் பாடாது பேசும்போது, சொற்களுக்கிடையே அவர் விடும் இடைவெளிகளிலும் இசையறிவு வெளிப்படுகின்றது. பிற்காலத்தில் அவர் மீண்டும் வாத்தியங்களோடு பாடத் தொடங்கினார். அம்முடிவை ஏற்போரும் ஏற்காதோரும் உளர். இரு சாராரும் இத்தொகுப்பைக் கேட்டுப் பயன்பெறலாம்.

இதுவரை கூறியவற்றுள் அலிஸ் கோல்ற்றேனின் பிற்பதிவும் ஹம்சாவின் தொகுப்பும் உயர்ந்து நிற்பதற்குக் காரணம் என்ன? குரலையும் அது பிறந்த இடத்தையும் அவை பிரிக்கவில்லை. அந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டால், கல்முனைக் கரையின் கவி பற்றிய கேள்வி தவிர்க்க முடியாததாகின்றது. பரணில் இருந்து வயல் காப்போரும், பாய் இழைக்கும் பெண்களும், மச்சானை நினைத்தும் மச்சியை நினைத்தும் வாத்தியம் ஏதுமின்றிப் பாடிய நான்கடிப் பாடல்கள் அவை. பண்டிதர் வீ. சீ. கந்தையா தமது ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) என்ற நூலில் இப்பகுதிக் கவிகளை ஆராய்ந்துள்ளார். நிந்தவூர் எஸ். முத்துமீரான் முஸ்லிம் கிராமங்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். இவர்களால் கவியின் சொல் பிழைத்தது. ஆனால் கவியின் உயிர் சொல்லில் மட்டும் இல்லை. அடியின் ஈற்றை இழுத்து, காற்றின் போக்கிலே விட்டு, மூச்சு முடியுமிடத்தில் நிறுத்தும் முறையை அச்செழுத்தாற் காட்ட இயலாது. அச்சுத் தொகுதிகளோடு ஒப்பிடத்தக்க ஒலித்தொகுதி ஒன்றும் உருவாக வேண்டும். கவி பாட வல்லோர் இன்று முதியோர். ஒவ்வொரு ஜனாஸாவுடனும் சில மெட்டுகள் மண்ணுக்குள் போகின்றன.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலை கலாசார பீட மாணவர்க்கு இப்பணி எட்டாததன்று. ஒரு கைத்தொலைபேசியே முதற்பதிவுக்குப் போதும். பாடுபவர், ஊர், பாட்டுக்குரிய வேலை, பதிந்த நாள் ஆகியன குறிக்கப்பட வேண்டும். பின்னணியிற் கேட்கும் கோழியின் சத்தத்தையும் கடலின் இரைச்சலையும் நீக்கலாகாது. எவ்வித மின்னிசையும் ஏற்றலாகாது. தம் குரல் அந்நியர் செவிக்குச் செல்வதை விரும்பாத மூதாட்டியர் பலர் இருப்பர். அவர்களது விருப்பம் முதன்மையானது. அவர்கள் இசைந்தால், குடும்பத்தவர்க்கும் ஆய்வாளர்க்கும் மட்டும் திறக்கும் சேமிப்பாக அப்பதிவைப் பல்கலைக்கழக நூலகத்தில் வைக்கலாம். இசையாவிடின் பதியாது, அருகிருந்து கேட்டு மெட்டைப் பழகிக்கொள்ளலாம். பாலைவனத்து இளைஞர் வெற்று நாடாவிற் பாடிக் கொடுத்ததும், நூபியர் ஒருவர் ஊரூராகச் சென்றதும் பெரும் நிறுவனங்களின் துணைகொண்டு தொடங்கியவை அல்ல. மேற்குறித்த தட்டுகளைக் கேட்டு முடிக்கும் மாணவர், அடுத்த விடுமுறையில் தம் உம்மும்மாவின் அருகே சென்றமர்ந்து, பாய் இழைக்கையில் என்ன பாடினீர்கள் என்று கேட்பாராயின், அவை பரிந்துரைக்கப்பட்டதன் பயன் கிட்டிவிடும்.