வின்னிபெக் விடியலில் என் ட்ரக்

ஜனவரி, வின்னிபெக், காலை ஏழு மணி. இன்னும் இருட்டு, மைனஸ் 35. மூக்குக்குள் ஈரம் உறைந்து முள்ளாய்க் குத்துகிறது. ட்ரக்கின் முன்பக்கத்தில் தொங்கும் வயரைக் கழற்றுகிறேன். குளிரில் இரும்புக் கம்பி போல விறைத்து, சுருட்டவே வருகுதில்லை. ஏறி இருந்து சாவியைத் திருப்புகிறேன். இரண்டே சுற்று! 13 லீற்றர் எஞ்சின் கடகடவென்று எழும்பிவிட்டது. ஒன்பது மாரி கேட்டும் சலிக்காத சத்தம்.

எல்லாம் அந்த வயரின் மறுமுனையில் இருக்கும் பிளொக் ஹீற்றரின் கைங்கரியம். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை நெருக்கும்போது பிறக்கும் சூட்டிலேயே எண்ணெய் பற்ற வேண்டும். இரும்பு குளிர்ந்து கிடந்தால் அந்தச் சூட்டை அதுவே குடித்துவிடும், ஒயில் பாகாகிவிடும், பற்றரிக்கும் பலம் பாதிதான். ஒரு கேத்தில் இழுக்கிற 1,500 வாட் கரண்ட், இராமுழுக்கக் கூலன்ற்றை இளஞ்சூட்டில் வைத்து இத்தனையையும் வெல்கிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு! இந்த ஊரில் கார் நிறுத்துமிடங்களில்கூட அதற்குப் பிளக் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஹீற்றர் டாங்கிக்குள் எட்டாது. முதல் மாரியில் டெனிசியில் நிரப்பிய டீசலோடு தண்டர் பே வரை ஏறிவிட்டேன். மேட்டில் இழுவை குறைந்தது, பிறகு நின்றே போனது. பில்டரைக் கழற்றினால் உள்ளே வெள்ளை மெழுகு, உறைந்த தேங்காயெண்ணெய் மாதிரி. டீசலில் இயல்பாகவே உள்ள மெழுகு அது. நிறுத்தி உதவிய மூத்த சாரதி சொன்னார்: “அங்க அடிச்ச டீசலோட இஞ்ச வரலாமே தம்பி? உறைய முதல் மருந்து ஊத்தியிருக்க வேணும்.” அன்றிலிருந்து, வடக்கே திரும்ப முன்னமே மருந்துப் போத்தல் கையில். எல்லை கடந்ததும் இங்கத்தைய மாரி டீசல்தான்.

புகையைச் சுத்தமாக்க ஊற்றும், மைனஸ் 11இல் உறையும் டெஃப் திரவத்தை எஞ்சின் தன் சூட்டாலேயே இளக்கிக்கொள்கிறது. நான் செய்வது, பிரேக்கின் காற்றுத் தாங்கியில் தேங்கிய தண்ணீரை இழுத்து விடுவதும், முன்கிறில்லை மூடிக் கட்டுவதும்தான்.

எஞ்சின் சூடேற, வெண்புகை மெலிந்து மறைகிறது. புறப்படுகிறேன். போர்ட்டேஜ் லா பிரேரி தாண்டும்போது பக்கக் கண்ணாடியில் சூரியன் ஏறுகிறது. சுற்றிவர உறைந்த வெளி. என் காலடியில் கணகணக்கும் சூடு.