வானொலியில் திரை இயக்குநர்: சிசில் பி. டிமில்லின் உரைகளும் பாயிர மரபும்

முன்னுரை

திரைப்பட இயக்குநர் என்பவர் யார், அவர்தம் பணி யாது என்னும் வினாக்களுக்குப் பொதுமக்கள் விடை பெற்ற இடங்களுள் வானொலியும் ஒன்று. படப்பிடிப்புத் தளத்தைக் காணும் வாய்ப்பற்றோர், வானொலியின் வழியே இயக்குநரை ஒரு குரலாக அறிந்தனர். அத்தகைய உரைகளை இயக்குநரின் வாக்குமூலமாகக் கொள்வது எளிது. எனினும், அவையும் எழுதி நிகழ்த்தப்பட்ட பனுவல்களே. ஆதலின் கூறுவோர் யார், கூறப்படுவது யாருடைய ஆக்கம் என்னும் வினாக்கள் முதன்மை பெறுகின்றன. அமெரிக்க இயக்குநர் சிசில் பி. டிமில் 1936 முதல் 1945 வரை ‘லக்ஸ் ரேடியோ தியேட்டர்’ நிகழ்ச்சியில் ஆற்றிய உரைகளை, நன்னூல் கூறும் பாயிர இலக்கணத்தின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

நிகழ்ச்சியும் பொறுப்புகளும்

சோப்பு உற்பத்தி நிறுவனமான லீவர் பிரதர்ஸின் ஆதரவில் 1934 இல் நியூயார்க்கில் தொடங்கிய இந்நிகழ்ச்சி, முதலில் மேடை நாடகங்களையே பெரிதும் ஒலிபரப்பியது. 1936 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டிற்கு இடம்பெயர்ந்தபின், வெளிவந்த திரைப்படங்களின் வானொலி வடிவங்கள் முதன்மை பெற்றன. திங்கள்தோறும் ஒரு மணிநேரம், மூன்று அங்கங்களாக, பார்வையாளர் முன்னிலையில் நேரடியாக நிகழ்த்தப்பட்டது. தொடக்கத்தில் கதையை அறிமுகம் செய்தல், அங்க இடைவேளைகளில் திரைத்தொழில் பற்றிப் பேசுதல், இறுதியில் நடிகர்களோடு உரையாடுதல் ஆகியவை டிமில்லின் பணிகள்.

அறிவிப்பாளர் அவரைத் தயாரிப்பாளர் என்றே அறிமுகப்படுத்தினார். உண்மையில் நிகழ்ச்சியை உருவாக்கும் பொறுப்பு ஜே. வால்டர் தாம்ப்சன் விளம்பர நிறுவனத்திடம் இருந்தது. ஹாலிவுட்டில் நடந்த தொடக்க ஆண்டுகளில் நாடகங்களை நெறிப்படுத்தியவர் பிராங்க் உட்ரஃப். டிமில் பேசிய சொற்களும் பிறர் எழுதித் தந்தவையே. வானொலி ஆய்வாளர் மிஷேல் ஹில்ம்ஸ் ஹாலிவுட்டிற்கும் ஒலிபரப்பிற்கும் இடையிலான உறவு குறித்து 1990 இல் வெளியிட்ட நூலில், தயாரிப்பாளர் என்னும் டிமில்லின் பட்டம் பெயரளவிலானது என்பதைப் புலப்படுத்துகிறார்.

பாயிர நோக்கு

ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினைச் சிறப்புப்பாயிரம் அறிவிக்க வேண்டும் என்பது நன்னூல் விதி. அதனை நூலாசிரியனே செய்துகொள்ளுதல் மரபன்று. அவனுடைய ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோருள் ஒருவர் செய்தல் வேண்டும். புகழுரை பிறர் வாயிலாக வரவேண்டும் என்பதும், ஆக்கியவன் வேறு, அறிவிப்பவன் வேறு என்னும் எல்லை மயங்கலாகாது என்பதும் இவ்விதியால் பெறப்படுகின்றன.

டிமில்லின் தொடக்கவுரைகளில் இவ்வெட்டனுள் பெரும்பாலானவற்றைக் காணலாம். கதையின் பெயர், அது வந்த வழி, அதன் பொருள் ஆகியவை முறையே சொல்லப்படுகின்றன. கேட்போர் நேரடியாக விளிக்கப்படுகின்றனர். பயன் என்னும் உறுப்பில் கதையின் சுவையோடு சோப்பின் விற்பனையும் கலந்து நிற்கிறது. ஆயினும் பெருந்திரிபு நிகழ்வது ஆக்கியோன் பெயரிலேயே. ஒலிபரப்பப்பட்ட படங்களுள் பெரும்பாலானவை பிற இயக்குநர்களுடையவை. அவ்வகையில் டிமில் பிறர் நூலுக்குப் பாயிரம் உரைப்பவர். இது மரபிற்கு ஒத்ததே. ஆனால் தயாரிப்பாளர் என்னும் பட்டம், பாயிரம் உரைப்பவரையே நூல் செய்தவராகக் கேட்போர் கருத இடமளித்தது. படத்தை இயக்கியவர், வானொலிக்கு மாற்றி எழுதியவர், வானொலியில் நெறிப்படுத்தியவர் ஆகிய மூவரின் உழைப்பும் நான்காமவரின் குரலில் ஒடுங்கியது.

இயக்குநர் பணி, கேமராவின் இடத்தையும் காட்சிகளின் வரிசையையும் தீர்மானிப்பது. இவற்றை வானொலி காட்ட இயலாது. அதனால் உரைகள் பணியை விடுத்துப் பணியாளரை முன்னிறுத்தின. வரலாற்றுத் துணுக்கு, தொழில் அனுபவம், நடிகர் பற்றிய செய்தி ஆகியவற்றைக் கூறும் அனைத்தும் அறிந்த தலைவர் என்னும் படிமம் உருவாயிற்று. பிரான்சுவா துருஃபோ 1954 இல் எழுதிய கட்டுரையை அடுத்து, இயக்குநரே படத்தின் ஆசிரியர் என்னும் கொள்கை வலுப்பெற்றது. அதற்கு முன்பே, படத்திற்குப் பின்னால் ஒரு தலைவர் உண்டு என்னும் எண்ணத்தைக் கோடிக்கணக்கான கேட்போரிடம் இவ்வுரைகள் வளர்த்திருந்தன. அக்கொள்கை படத்தின் நடையிலிருந்து ஆசிரியரைக் கண்டறிய முயன்றது; வானொலியோ குரலைக் கொண்டே ஆசிரியரை நிறுவிற்று.

ஒரு டாலர் வழக்கு

இப்படிமத்தின் உள்ளீட்டை வெளிப்படுத்தியது ஒரு தொழிற்சங்கப் பூசல். தொழிற்சங்க உறுப்பினராதலை வேலைக்குரிய நிபந்தனையாக்குவதைத் தடைசெய்யும் முன்மொழிவு 12, 1944 இல் கலிபோர்னியாவில் வாக்கெடுப்பிற்கு வந்தது. அதனை எதிர்க்க அமெரிக்க வானொலிக் கலைஞர் கூட்டமைப்பின் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளை, உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் ஒரு டாலர் கோரிற்று. தம் அரசியல் கருத்திற்கு மாறானதற்குப் பணம் தர இயலாது என டிமில் மறுத்தார், உறுப்புரிமை நிறுத்தப்பட்டது, 1945 ஜனவரியில் நிகழ்ச்சியை விட்டு விலக நேர்ந்தது. 1947 இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

அவருடைய மறுப்பின் நேர்மை பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயின் ஆக்கியோன் பற்றிய ஆய்விற்கு இங்கு ஒரு சான்று கிடைக்கிறது. கேட்போருக்குத் தயாரிப்பாளராகத் தோன்றியவர், ஒலிவாங்கியின் முன் நிற்பதற்குக் கலைஞர் சங்கத்தின் உறுப்பினராக இருக்க வேண்டியிருந்தது. தொழில்முறையில் அவர் அங்கே ஒரு நிகழ்த்துநர். அவர் ஏற்ற பாத்திரம் ‘இயக்குநர் டிமில்’. அவருக்குப்பின் நிலையாகப் பொறுப்பேற்ற வில்லியம் கீலி, இர்விங் கம்மிங்ஸ் ஆகிய இருவரும் திரைப்பட இயக்குநர்களே. ஆளை இழந்தபின்னும் அப்பாத்திரத்தை நிகழ்ச்சி கைவிடவில்லை என்பதை இது காட்டுகிறது.

குரல் திரைக்குத் திரும்புதல்

வானொலியில் பழகிய குரல் டிமில்லின் படங்களுக்குள்ளும் புகுந்தது. ‘நார்த் வெஸ்ட் மவுண்டட் போலீஸ்’ (1940), ‘சாம்சன் அண்ட் டிலைலா’ (1949) ஆகியவற்றில் அவரே கதையுரைப்பவர். ‘தி டென் கமாண்ட்மென்ட்ஸ்’ (1956) படத்தின் தொடக்கத்தில் மேடைத் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு தோன்றி, பார்வையாளரிடம் படத்தின் பொருளையும் நோக்கத்தையும் எடுத்துரைக்கிறார். இங்கு ஆக்கியோனே பாயிரமும் உரைக்கிறான். நன்னூல் விலக்கிய நிலை திரையில் அரங்கேறுகிறது.

முடிவுரை

டிமில்லின் வானொலி உரைகள் இயக்குநர் பணியை விளக்கும் சான்றுகள் என்பதைவிட, இயக்குநர் என்னும் பொதுப்படிமம் ஆக்கப்பட்ட முறைக்கான சான்றுகள் எனக் கொள்ளுதலே பொருந்தும். பனுவலுக்குள் நுழையுமுன் ஆக்கியோனையும் அறிவிப்போனையும் பிரித்தறியும் பாயிர மரபு, தொடர்பியல் ஊடகங்களின் ஆய்விற்கும் பயன்படத்தக்கது. புகழ்பெற்ற ஒருவரின் குரலுக்குள் மறைந்துபோன எழுத்தாளர், நெறியாளர் ஆகியோரின் பெயர்களை மீட்டெடுப்பதற்கு அம்மரபு வழிகாட்டும்.