ஈரத்தாளில் ஒரு வாய்க்கால்

டச்சு நீர்வண்ண நிலக்காட்சிகளில் தாளின் பெரும்பங்கு வானத்துக்கே போய்விடும். நிலம் அடியில் ஒரு பச்சை நாடா, அவ்வளவே. யான் ஹெண்ட்ரிக் வெய்சன்புருக் (1824–1903) தீட்டிய தாழ்நிலக் காட்சிகளை எத்தனை நேரம் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. நனைந்த தாளில் சாம்பல் நிறத்தைத் தொட்டு வைத்தால், அது தானாகப் பரவி, ஓரம் கரைந்து, மழைமேகமாகிவிடும். எப்போது கையை எடுப்பது என்பதில்தான் வித்தை. ஒரு கணம் பிந்தினாலும் மேகம் சேறாகிவிடும். காட்சியின் நடுவே ஓடும் வாய்க்காலில் பளிச்சிடும் வெளிச்சக் கோடோ, பெரும்பாலும் தூரிகை படாமல் விட்ட வெறுந்தாள்.

அந்த வாய்க்காலும் தானாக ஓடி வந்ததில்லை. ஏரியைச் சுற்றிக் கரை கட்டி, காற்றாலைகளால் நீரை இறைத்து வெளியேற்றி, வடிந்த தரையில் கோல் வைத்து இழுத்தாற்போல் வெட்டியது. 1612இல் வற்றவைத்த பேம்ஸ்டர் என்ற ஏரிநிலத்தில் வயல்கள் இன்றும் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம்தான். அதைச் சுற்றி ஓடும் கால்வாய் வயலைவிட உயரத்தில் இருப்பதால், புல்வெளியில் நிற்பவரின் தலைக்கு மேலே படகு நகரும்! நீரை விரட்டிப் பெற்ற மண்ணை நீரைக் கொண்டே தீட்டுவது எனக்குப் பிடித்த வேடிக்கை. ஓவியத்தில் கரையோரம் கிளை கழித்த வில்லோ மரங்கள், முஷ்டியை உயர்த்திய கிழவர்கள் மாதிரி. தொலைவில் ஒரு காற்றாலை: ஒரு பொட்டு, குறுக்கே இரண்டு கீற்று. அதில் காற்று வீசுவதுகூடத் தெரிகிறது.