உலோகம் எத்தனை மில்லிசெக்கன்?

அனலொக் சிந்தசைசரில் அடித்து ஒலிக்கும் உலோகச் சாயல் பேஸ் செய்வது பற்றிய பேச்சு பெரும்பாலும் கருவிப் பெயர்களோடு தொடங்கி அந்தப் பெயர்களோடேயே முடிந்துவிடுகிறது. மினிமூக் என்றால் கனம், டிபி-303 என்றால் நெளிவு, டிஎக்ஸ்7 என்றால் உலோகம். இந்த வாய்பாடு பொய்யல்ல. ஆனால் மதிப்பீட்டுக்கு இது உதவாது. ஒரே மினிமூக்கில் செய்த இரண்டு பேஸ்களில் ஒன்று ஏன் தேறுகிறது, மற்றது ஏன் தோற்கிறது என்று இதைக்கொண்டு சொல்ல முடியாது. அளவுகோலை ஒலியிலும் அது கேட்கப்படும் இடத்திலும் தேட வேண்டும்.

கொழும்பில் அந்த இடங்கள் நமக்குத் தெரிந்தவை. காலி வீதியில் ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸின் கூரை ஸ்பீக்கர், வெள்ளவத்தைச் சந்தியில் நிற்கும் ஓட்டோவின் பின் இருக்கைக்குப் பின்னால் அடைத்து வைத்த சப்வூபர், கொட்டாஞ்சேனையில் திருவிழாக் காலத்தில் உயரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி. பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹேர்ட்ஸில் அதிர்கிறது. கூம்போ சில நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. அப்படியிருந்தும் அந்தக் கூம்பில் வரும் பாட்டின் பேஸ் வரியை நாம் பின்தொடர்கிறோம். 330, 385, 440 என்று 55இன் மடங்குகள் காதில் விழுந்தால், அங்கே இல்லாத 55ஐக் காது தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆகவே மேற்றொனிகளை அலங்காரம் என்று ஒதுக்க முடியாது. சின்ன ஸ்பீக்கரில் பேஸைச் சுமந்து வருபவை அவைதாம். உலோகச் சாயலுக்கு இதைவிட வலுவான நியாயம் இல்லை. அதற்கான எச்சரிக்கையும் இங்கேயே இருக்கிறது: மேற்றொனிகள் அடித்தொனியின் முழு மடங்குகளாக இருந்தால்தான் இந்த நிரப்பல் நடக்கும்.

உண்மையான உலோகம் அப்படி ஒலிப்பதில்லை. ஜால்ராவின் மேற்றொனிகள் முழு மடங்குகளுக்குக் கட்டுப்படாதவை. அந்தக் கட்டுப்படாமையைத்தான் காது உலோகம் என்று அடையாளம் காண்கிறது. நமது மிருதங்கம் இதற்கு நேரெதிர்த் திசையில் போன கருவி. வலந்தலையின் கரணை, தோலின் ஒழுங்கற்ற மேற்றொனிகளை இழுத்து மடங்குகளில் நிறுத்துகிறது, சி. வி. ராமன் 1920இலேயே இதை எழுதிவிட்டார். ஆக, உலோக பேஸ் செய்பவர் முன்னால் ஒரு முரண் நிற்கிறது. உலோகத்தைக் கூட்டினால் சுருதி கெடுகிறது. சுருதியைக் காத்தால் உலோகம் வேஷமாகிறது. தேர்ந்த ஒலியமைப்பு இந்த முரணை நேரத்தைக் கொண்டு தீர்க்கிறது: ஒழுங்கற்ற ஒலி முதல் முப்பது, நாற்பது மில்லிசெக்கனுக்குள் வந்து மறைய வேண்டும், பிறகு நிற்பவை மடங்குகள் மட்டுமே. இக்கட்டுரையின் தீர்ப்புகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை.

இந்த அளவுகோலில் முதலில் விழுவது ரிங் மொடுலேட்டர். ஆர்ப் ஒடிசி (1972) முதல் இதற்கு ரசிகர்கள் உண்டு; தனி நோட்டாகக் கேட்டால் மலைப்பும் உண்டு. ஆனால் 55 ஹேர்ட்ஸையும் 130 ஹேர்ட்ஸையும் அதற்குள் விட்டால் வெளியே வருபவை கூட்டலும் கழித்தலும்: 185, 75. உள்ளே போன 55 எங்கே? பெரிய ஸ்பீக்கரிலும் இல்லை, கூம்பில் இட்டு நிரப்பிக்கொள்ளவும் வழியில்லை. தாக்கும் கணத்துக்கு மட்டும் இதைப் பயன்படுத்தலாம் என்று வாதாடலாம். வாதம் சரி, கருவி இடம் தருவதில்லை. ஒடிசியின் மிக்சரில் ரிங் மொடுலேட்டருக்கென்று தனி என்வலப் கிடையாது. வேறு ட்ராக்கில் பதிந்து வெட்டி ஒட்ட வேண்டும். அது எடிட்டரின் திறமை.

மினிமூக்கின் நிலை வேறு. 1970இல் வந்த அந்தக் கருவியில் சிங்க்கும் இல்லை, ரிங் மொடுலேட்டரும் இல்லை. உலோகம் வேண்டுமானால் மூன்றாம் ஒசிலேட்டரைக் கேட்கும் மீடிறனுக்கு ஏற்றி, அதனால் பில்டரின் கட்ஆஃபை உலுக்க வேண்டும். கிடைப்பது கரகரப்பு, உலோகத்துக்குப் பக்கத்து வீடு. ரெசனன்ஸைக் கூட்டிக் கூர்மை தேடினாலோ அந்த லாடர் பில்டர் அடிப்பகுதியைப் பறிகொடுக்கிறது. ஆயினும் தாக்குதல் என்ற ஒன்றில் அதை மிஞ்சியது எது என்று கேட்டால் பதில் தேட நேரமாகும். மூன்று ஒசிலேட்டர்கள், ஒக்டேவுக்கு 24 டெசிபல் வெட்டும் பில்டர், உடனே உச்சிக்குப் போகும் என்வலப்: அடியில் முதல் தரம், உலோகத்தில் இரண்டாம் தரம். இரண்டையும் ஒன்றாக எண்ணிப் புகழ்வதுதான் பிழை.

அனலொக் வழிகளில் என் முதலிடம் ஒசிலேட்டர் சிங்க்குக்கு. ப்ராபெட்-5 (1978), அதன் தனிக்குரல் உறவான ப்ரோ-வன் (1981) இரண்டிலும் இந்த வழி ஏறக்குறைய வரைந்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒசிலேட்டர் பி ஒவ்வொரு சுற்றிலும் ஏயை மறுபடி தொடக்கத்துக்கு இழுக்கிறது. ஏ எந்த மீடிறனில் ஓட முயன்றாலும் வெளிவரும் அலையின் சுற்று பியினுடையதே. எனவே மேற்றொனிகள் பிசகாமல் முழு மடங்குகள். மாறுவது அவற்றுள் எவை ஓங்குகின்றன என்பது மட்டும். பில்டர் என்வலப்பை ஏயின் பிட்ச்சுக்குக் கொடுத்தால் ஓங்கும் மேற்றொனி மேலிருந்து கீழே சரிகிறது. இந்தச் சரிவைத்தான் காது உலோகக் கீறலாக எடுத்துக்கொள்கிறது. சுருதிக்கு ஒரு கீறலும் இல்லை. கூம்புச் சோதனையிலும் தேறுகிறது. குறை, இதைக் கையாளுபவர்களுடையது: சரிவை அரைச் செக்கனுக்கு நீட்டி பேஸை லீட்டின் அலறலாக்குகிறார்கள். நூறு மில்லிசெக்கனைச் சுற்றி நிறுத்தி, அம்ப்ளிபயர் என்வலப்பை அதைவிடச் சற்று நீளமாக விட்டு, சிங்க் ஆகாத பியின் அலையையும் மிக்சரில் கலந்தால் எலும்பும் தசையும் கிடைக்கும்.

இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டியது, உலோகத்தில் அனலொக்கை வென்றது டிஜிட்டல் என்பது. அனலொக்கில் ஒரு ஒசிலேட்டரால் இன்னொன்றின் பிட்ச்சை வேகமாக உலுக்கும்போது, ஆழம் கூடக் கூட மைய சுருதியே நகர்ந்துவிடுகிறது. ஜோன் சௌனிங் ஸ்டான்போர்டில் 1967இல் கண்டறிந்து, யமஹா 1983இல் டிஎக்ஸ்7 ஆக்கிய எஃப்எம் முறையில் அந்த நோய் இல்லை. விகிதங்கள் துல்லியம், உலோகத்தைத் தரும் ஒப்பரேட்டருக்குத் தனி என்வலப். முப்பது மில்லிசெக்கனில் ஒழுங்கற்றதைக் கொன்றுவிட்டு மடங்குகளை மட்டும் விடலாம். நான் வைத்த அளவுகோலுக்கென்றே செய்தது போன்ற பொறி. அதன் பலவீனம் அடியில்: தொடக்கம் கூர்மை, உடல் மெலிவு.

ஒலித்தட்டுகளிலும் இதே கணக்குத்தான். சரண்ஜித் சிங் 1982இல் ஜுபிடர்-8, டிபி-303, டிஆர்-808 மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிந்த தட்டு, 2010இல் மறுவெளியீடு கண்டபின் ஆசிட் ஹவுஸின் முன்னோடி என்று கொண்டாடப்பட்டது. ஃபியூச்சரின் ‘ஆசிட் ட்ராக்ஸ்’ 1987. தேதி சரி, புகழுரை அநியாயம்: அவர் செய்ததை அது சிக்காகோவின் கணக்கில் வரவு வைக்கிறது. தட்டின் தகுதி வேறு இடத்தில் இருக்கிறது. 303இன் ஸ்லைடை, ராகத்தின் இழைவுக்கு ஏற்ற வசதியாகக் கண்ட முதல் காதுகளில் அவருடையது ஒன்று. ஆனால் பேஸாக மதிப்பிட்டால் அது நீர், உலோகம் அல்ல. ரெசனன்ஸ் வழுக்குகிறது, அடி விழுவதில்லை. ஒவ்வொரு ராகத்துக்கும் ஏறக்குறைய ஒரே ஒலியமைப்பு போதும் என்று விட்டதும் குறைதான்.

இளையராஜா இசையமைத்த ‘புன்னகை மன்னன்’ (1986), கணினி வழி இசைக்காக இன்றும் பேசப்படும் படம். அதன் தீம் இசையில் கூர்மையும் ஒழுங்கும் உண்டு. எஃப்எம்மின் மெலிவும் உண்டு. பேஸ் கிற்றாரைத் தனிக்குரலாகவே நடத்திய இளையராஜாவின் மற்றப் பாட்டுகளோடு வைத்துக் கேட்டால், இயந்திரத்தால் கிடைத்தது துல்லியம், போனது அழுத்தம் என்பேன்.

ஈழத் தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்து உலகக் காதுகளை எட்டிய கரடுமுரடான பேஸ் என்றால் எம்.ஐ.ஏ.யின் ‘கலாங்’ (2003). அவர் தொடக்கத்தில் வேலை செய்த ரோலண்ட் எம்சி-505, பதிந்த அலைகளை டிஜிட்டலாக வாசிக்கும் பெட்டி. ஒரு அனலொக் ஒசிலேட்டரும் அதற்குள் இல்லை. அப்படியிருந்தும் இந்த மூன்றில் கூம்புச் சோதனையில் முழுதாகத் தேறுவது இதுவே: பஸ்ஸிலும் பேஸ் வரி தெரிகிறது, சப்வூபரிலும் நெஞ்சில் இடிக்கிறது. பாட்டின் நடுப்பகுதியில் அடர்த்தி குறைந்து ஒரே கருத்து சுற்றி வருவது குறை. அனலொக் என்ற சொல்லையே தரச்சான்றாக எடுத்துக்கொள்பவர்கள் இந்தப் பாட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பதில் சொல்லக்கூடிய ஒரு அனலொக் கருவி இருக்கிறது. ஆர்டுரியாவின் மைக்ரோபுரூட் (2013). ஒரே ஒசிலேட்டர்தான், ஆனால் அதன் முக்கோண அலையை மடக்கி மடக்கி மேற்றொனி உண்டாக்கும் மெட்டலைசர் என்ற சுற்று அதில் உண்டு. மடக்குவதில் பிறப்பவை எல்லாம் முழு மடங்குகள். என்வலப்பின் வெளியீட்டை ஒரு சின்னக் கேபிளால் ‘மெட்டல்’ துளையில் செருகினால், நோட்டு தொடங்கும்போது மடிப்பு உச்சத்தில் இருந்து உடனே தளர்கிறது. சப் ஒசிலேட்டர் கீழே அசையாமல் நிற்கிறது. மலிவான ஒரு பெட்டியில் இந்த முறை இவ்வளவு வெளிப்படையாக அமைந்தது சாதனை. குறையும் சிறியதல்ல: என்வலப் ஒன்றே ஒன்று. உலோகத்தைச் சீக்கிரம் கொன்றால் பில்டரும் கூடவே மூடிக்கொள்கிறது. அம்ப்ளிபயரை ‘கேட்’ நிலைக்கு மாற்றி ஓரளவு தப்பலாம், முழுதாக அல்ல. சிங்க்குக்கு அடுத்த இடத்தை இதற்குக் கொடுக்கிறேன். தூரம் அதிகமில்லை.

எந்தக் கருவியானாலும் நமது ஊரில் ஒரு இடைஞ்சல் உண்டு. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். தாழ்ந்த ஜி நோட்டு 49. எர்த் சரியில்லாத அறையில் இரைச்சல் கலந்தால், ஜியைப் பிடித்து நிறுத்தும் ஒவ்வொரு முறையும் செக்கனுக்கு ஒன்றாக அடிப்பு கேட்கும். அதை ஒசிலேட்டரின் உயிர்ப்பு என்று ரசிப்பவரும் இருக்கக்கூடும். வெப்பத்தோடு நகரும் ஒசிலேட்டரையும் அப்படித்தான் புகழ்கிறார்கள். கடற்கரைப் பக்க அறையில் ஏசியைப் போட்டதும் சுருதி இறங்குவதும் ஏறுவதும் குணம் அல்ல, பழுது.

இன்னொரு குறை மேலே பேசிய அனலொக் முறைகளுக்கெல்லாம் பொது, அதை ஒலியமைப்பால் மட்டும் தீர்க்க முடியாது. மினிமூக், ப்ரோ-வன், மைக்ரோபுரூட் எதன் கீபோர்டும் விரலின் வேகத்தை அறிவதில்லை. எல்லா நோட்டும் ஒரே அடி. ஒரே அடி என்றால் நான்கு நோட்டுக்குப் பிறகு அடியே இல்லை. டிபி-303இன் அக்சென்ட் இதை அழகாகத் தீர்த்தது: ஒலி உயர்கிறது, என்வலப் சுருங்குகிறது, அடுத்தடுத்து அக்சென்ட் வந்தால் பில்டர் மேலும் மேலும் திறக்கிறது. உலோகம் குறைந்த அந்தப் பெட்டி வரியில் உயிரோடு நிற்பதற்குக் காரணம் இது. மைக்ரோபுரூட்டின் சீக்வென்சரில் அக்சென்ட் கிடையாது, ஓய்வு உண்டு. அதில் வேலை செய்பவர் ஓய்வைத்தான் அக்சென்ட்டாக்க வேண்டும். எட்டில் ஆறாம் ஸ்டெப்பை வெறுமையாக விட்டால், ஏழாவது, குமிழ் எதையும் தொடாமலே மற்றவற்றைவிட ஓங்கி விழுந்ததாகக் கேட்கிறது.